மண் மறக்குமா?

அரக்கோணம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி, நெமிலி பஸ்ஸில் ஒரு ஜன்னலோர ஆசனத்தைப் பிடித்துவிட்டால் அப்புறம் கவலையில்லை. இரு பக்கமும் நெல் வயல்கள், இடையிடையே பனைமரங்கள், தூரத்தில் ஏரிக்கரைகள் என்று பார்த்துக்கொண்டே வரலாம். ராணிப்பேட்டை ஜில்லாவில் சேர்ந்த நெமிலி பெரிய பட்டணமல்ல. பாலா திரிபுரசுந்தரியின் பீடம் இங்கே இருப்பதால் நவராத்திரி சமயத்தில் வெளியூர் ஜனங்கள் திரளாக வருவார்கள். மற்ற நாட்களில் விவசாயிகளும், கடைக்காரர்களும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுந்தான் தெருவில் தென்படுவார்கள். காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரிலிருந்து பிறக்கும் கொசஸ்தலையாறு இந்தப் பிரதேசத்தின் வழியாகத்தான் பூண்டியை நோக்கிப் போகிறது. பூண்டி ஏரியின் தண்ணீர் சென்னைக்குக் குடிநீராகப் போகிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆகவே இங்கே விழும் மழையில் சென்னைவாசிகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

இத்தகைய சாந்தமான ஊரில் உட்கார்ந்துகொண்டு அணுகுண்டைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் வகுப்பில் இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவைப் பற்றிப் பாடம் நடந்தது. 1945-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவிலும், 9-ந் தேதி நாகசாகியிலும் குண்டு விழுந்ததையும், அந்த வருஷம் முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மட்டும் ஏறக்குறைய 1,40,000 பேர் மாண்டதையும் சொல்லி முடித்தோம். பிள்ளைகள் மௌனமாக எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். விவசாயி வீட்டுப் பெண்.

"சார், குண்டு விழுந்த மண்ணிலே மறுபடியும் நெல் விளையுமா?" என்று கேட்டாள்.

'விளையும்' என்று சொன்னாலும் முழு உண்மையாகாது. 'விளையாது' என்று சொன்னாலும் முழு உண்மையாகாது. "நாளைக்குச் சொல்கிறேன், அம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை. நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சுற்றுப் பக்கத்தில் ஒரு சிறு பிரயாணம் புறப்பட்டோம். மண் எதை மறக்கிறது, எதை மறப்பதில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்பது நோக்கம்.

முதலில் தக்கோலம் சென்றோம். தேவாரப் பாடல் பெற்ற திருவூறல் இதுதான். நந்தியின் வாயிலிருந்து நீர் ஊறி வந்ததால் அந்தப் பெயர் ஏற்பட்டது என்பார்கள். ஆனால் நாம் தேடிப் போனது வேறு விஷயம். 949-ஆம் வருஷத்தில் இந்த ஊரின் வெளியிலேதான் சோழர்களும் ராஷ்டிரகூடர்களும் மோதினார்கள். முதலாம் பராந்தக சோழனின் மூத்த குமாரன் ராஜாதித்தன், யானைமேல் அமர்ந்து போர் புரிந்தவாறே உயிர் துறந்தான். வீரநாராயண ஏரியை வெட்டுவித்தவன் என்று சொல்லப்படுகிறவன் இவனேதான். மூன்றாம் கிருஷ்ணனின் படை வென்றது. சோழ சாம்ராஜ்யம் மறுபடி தலை நிமிர வெகு காலம் ஆயிற்று.

அத்தனை பெரிய யுத்தம் நடந்த இடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது? வயலாக இருக்கிறது. வரப்பில் நின்றிருந்த ஒரு முதியவரிடம், "பெரியவரே, இந்தப் பக்கத்திலே பழைய சண்டையின் அடையாளம் ஏதாவது அகப்பட்டதுண்டா?" என்று விசாரித்தோம்.

"சண்டையா? எந்தச் சண்டைங்க, ஐயா?" என்று கேட்டார் அவர்.

சோழ இளவரசன் கதையைச் சொன்னோம். முதியவர் சிரத்தையோடு கேட்டுவிட்டு, "எங்க தாத்தா காலத்திலேயிருந்து இங்கே ஏர் ஓட்டறோம். கல்லு வந்திருக்குது, ஓடு வந்திருக்குது. வாளும் வேலும் வந்ததில்லைங்க. மண்ணு எல்லாத்தையும் தின்னுட்டுது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். இரும்பு துருவாயிற்று; எலும்பு எருவாயிற்று. யுத்தம் முடிந்த இரண்டு மூன்று மழைக்காலங்களுக்குள் அந்த மண்ணில் மறுபடி பயிர் வந்திருக்கும். பழைய காலத்து யுத்தங்கள் கொடியவைதாம். ஆனால் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் போன பிறகு ஆயுதம் அங்கே தங்கிக் கொன்றுகொண்டிருக்கவில்லை.

தக்கோலத்திலிருந்து அரக்கோணத்துக்குத் திரும்பும் வழியில் தலைக்கு மேல் பெரிய விமானம் ஒன்று தாழ்ந்து சென்றது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த விமானத் தளத்தில்தான் இன்று நமது கடற்படையின் 'ராஜாளி' தளம் இருக்கிறது. 1992-ஆம் வருஷம் அது கடற்படையில் சேர்க்கப்பட்டது. கடலின் மீது வெகுதூரம் பறந்து வேவு பார்க்கும் விமானங்கள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. தேசத்துக்குக் காவலாக இருப்பதில் இந்தச் சீமைக்குப் பெருமை உண்டு. ஆனால் காவல் இருக்கும் இடத்தைத்தான் பகைவனும் படத்தில் முதலில் குறித்து வைப்பான் என்பதையும் மறக்கக்கூடாது.

அதே பிரதேசத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாலாவது பட்டாளமும் தங்கியிருக்கிறது. வெள்ளம் வந்தால் ரப்பர்ப் படகுகளோடு வந்து நிற்பவர்கள் என்றுதான் நம் ஜனங்கள் இவர்களை அறிவார்கள். ஆனால் இவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அணு ஆயுதம், கதிரியக்கம், ரசாயன விஷம், கிருமி ஆகியவற்றால் நேரும் ஆபத்துக்களைச் சமாளிப்பதற்கென்று தேசத்தில் விசேஷப் பயிற்சி பெற்ற நாலு பட்டாளங்களில் அரக்கோணத்துப் பட்டாளம் ஒன்று. இதைக் கேட்டதும் நம் நண்பர் திடுக்கிட்டார். "அப்படியானால் அது நம் வாசல்வரை வந்துவிட்டதா?" என்றார்.

கதிரியக்கத்துக்கு யுத்தந்தான் வேண்டுமென்பதில்லை. 2010-ஆம் வருஷம் டில்லியில் மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தையில் நடந்ததைச் சொன்னோம். பல வருஷங்கள் உபயோகமின்றிக் கிடந்த ஆராய்ச்சிக் கருவி ஒன்று பழைய சாமான்களோடு ஏலத்தில் போயிற்று. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் இருந்தது. இன்னதென்று தெரியாமல் தொழிலாளிகள் அதை உடைத்தார்கள். ஒருவர் இறந்தார், வேறு சிலர் கொடிய நோய்க்கு உள்ளானார்கள். இதே கோபால்ட்டின் கதிரைத்தான் தேர்ந்த வைத்தியர்கள் அளந்து கொடுத்துப் புற்றுநோயைத் தீர்க்கிறார்கள். மருந்து அதுவே, விஷமும் அதுவே. கண்ணுக்குத் தெரியாது, வாசனை இல்லை, தொட்டால் சுடாது. அதனாலேயே அது பயங்கரமாக இருக்கிறது.

அன்றிரவு நெமிலிக்குத் திரும்பி, மாடியில் உட்கார்ந்து நண்பருக்குக் கதிர்த் தூசியைப் பற்றி விளக்க நேர்ந்தது. வாசகர்களுக்கும் அது பயன்படும்.

அணுகுண்டு தரைக்கு அருகில் வெடித்தால், அந்த இடத்து மண்ணும் கல்லும் உருகி ஆவியாகிப் பெருங்குடை போல் மேலே எழும்புகின்றன. அணு பிளந்ததில் உண்டான நூற்றுக்கணக்கான கதிரியக்கப் பொருள்கள் அந்தத் தூசியில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமாகச் சென்று சாம்பல் போல் இறங்குகின்றன. மிக நுண்ணிய தூள் வெகு உயரம் சென்று, பூமியைச் சுற்றி, மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூட மிதந்து, மழையோடு கீழே வருகிறது. மழைக்கு எல்லைக்கோடு தெரியாது. நட்பு நாடு, பகை நாடு என்ற பேதமும் தெரியாது.

இந்தத் தூசியின் வேகம் குறைவதற்கு ஒரு கணக்கு உண்டு. காலம் 7 மடங்காகும்போது கதிரின் வேகம் ஏறக்குறைய 10-இல் ஒரு பங்காகக் குறையும். வெடித்து 1 மணி கழித்து 1,000 என்று வைத்துக்கொள்வோம். 7 மணியில் அது 100 ஆகும். 49 மணியில், அதாவது இரண்டு நாளில், 10 ஆகும். சுமார் 2 வாரத்தில் 1 ஆகும். ஆகவே அத்தகைய விபத்து நேர்ந்தால் முதல் இரண்டு நாள்தான் உயிருக்கு மிகவும் ஆபத்தானது. வீதியில் ஓடாமல், கனமான சுவர் உள்ள வீட்டின் நடு அறையில், கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு இருப்பதும், வெளியிலிருந்து வந்தவர் மேல்துணியைக் கழற்றி அப்புறப்படுத்திக் குளிப்பதும், மூடி வைத்த தண்ணீரையும் உணவையும் மட்டும் உட்கொள்வதும் அநேகம் உயிர்களைக் காக்கும். இது வெறும் ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, கணக்கு.

"இரண்டே வாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு! அப்புறம் பயமில்லை அல்லவா?" என்றார் நண்பர்.

அங்கேதான் சங்கடம். சீக்கிரம் அழிகிற பொருள்கள் அழிந்த பிறகு, மெள்ள அழிகிற பொருள்கள் தங்கிவிடுகின்றன. அயோடின்-131 என்பது 8 நாளில் பாதியாகிவிடும். ஆயினும் அதற்குள் புல்லில் விழுந்து, பசுவின் பாலில் இறங்கி, குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டுக் கோளத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்ட்ரான்ஷியம்-90 பாதியாக ஏறக்குறைய 29 வருஷம் வேண்டும். சுண்ணாம்புச் சத்தைப் போலவே இருப்பதால் உடல் ஏமாந்து அதை எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சீசியம்-137 பாதியாக 30 வருஷம். அது பொட்டாசியத்தைப் போல் நடிக்கிறது. செடி அதை வேரால் உறிஞ்சிக் காயிலும் கனியிலும் சேர்க்கிறது. புளூட்டோனியம்-239 பாதியாக 24,100 வருஷம் வேண்டும்.

நம் சரித்திரத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தோம். செஞ்சி தேசிங்கு ராஜன் போரில் மாண்டது 1714-ஆம் வருஷம். அன்று விழுந்த சீசியம் இன்றைக்குத்தான் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். தக்கோலத்து வயலில் 949-ஆம் வருஷம் புளூட்டோனியம் விழுந்திருந்தால், சோழரும் நவாபும் கும்பெனியாரும் வந்து போன பிறகும், இன்றைக்கு அதில் நூற்றுக்கு 97 பங்கு அப்படியே இருக்கும். பகலில் நாம் கண்ட முதியவரின் ஏர்முனை கல்லையும் ஓட்டையும் புரட்டியது போல் அதையும் ஒவ்வொரு வருஷமும் புரட்டிக்கொண்டே இருந்திருக்கும்.

இது கற்பனை என்று தள்ள முடியாது. பசிபிக் சமுத்திரத்தில் பிகினி என்ற பவளத் தீவுக் கூட்டம் இருக்கிறது. 1946-ஆம் வருஷம் அமெரிக்கர்கள் அங்கிருந்த 167 பேரை வேறு தீவுக்கு அப்புறப்படுத்தினார்கள். 1958-க்குள் அங்கே 23 குண்டுகளை வெடித்துச் சோதித்தார்கள். அவற்றுள் 1954-ஆம் வருஷம் மார்ச்சு 1-ந் தேதி வெடித்த ஹைட்ரஜன் குண்டு ஹிரோஷிமா குண்டைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பலமுள்ளது. ரோங்கலாப் என்ற தீவில் வானத்திலிருந்து வெண்மையான தூள் இறங்கிற்று. குழந்தைகள் அதை விளையாட்டுப் பொருளாக எண்ணி அளைந்தார்கள். அதே தூள் 'புகுர்யூ மாரு' என்ற ஜப்பானிய மீன்பிடி கப்பலின்மேலும் விழுந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். கப்பலின் ரேடியோக்காரர் ஆறு மாதத்துக்குப் பிறகு இறந்தார்.

ரோங்கலாப் ஜனங்களை அப்புறப்படுத்தி, மூன்று வருஷம் கழித்து, 'இனிப் பயமில்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். நோய்கள் தொடர்ந்தன, கழுத்துக் கோளத்தில் கட்டிகள் வந்தன. 1985-ஆம் வருஷம் அவர்கள் தாங்களாகவே பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறிவிட்டார்கள். பிகினிக்குத் திரும்பி வந்த சில குடும்பங்களும் 1978-ஆம் வருஷம் மறுபடி வெளியேற்றப்பட்டன. அங்கே தென்னை நன்றாகத்தான் காய்த்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இளநீரிலும் தேங்காயிலும் சீசியம் ஏறியிருந்தது. பசுமையைக் கண்டு நம்பி உட்கார்ந்தவர்களை அந்தப் பசுமையே விரட்டிற்று.

இந்தச் செய்திகள் உலகில் பரவியபோது நம் தேசம் வாய்மூடி இருக்கவில்லை என்பதைப் பெருமையுடன் நினைவுகூரலாம். 1954-ஆம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி பண்டித நேரு பாராளுமன்றத்தில் எழுந்து, சோதனைகளை உடனே நிறுத்திவைக்க வேண்டுமென்று உலக வல்லரசுகளைக் கேட்டுக்கொண்டார். டாக்டர் கோத்தாரி முதலிய நமது விஞ்ஞானிகள் அணு வெடிப்புகளின் விளைவுகளை ஆராய்ந்து 1956-ஆம் வருஷம் ஒரு புத்தகமே வெளியிட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் இன்னும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1921-22-ஆம் வருஷங்களில் வேலூர்ச் சிறையில் அடைபட்டு, அந்த நாட்களைத் தினக்குறிப்பாக எழுதி வைத்த ராஜாஜியை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். அவர் 1962-ஆம் வருஷம் செப்டம்பரில், தமது 83-ஆம் வயதில், காந்தி சமாதான ஸ்தாபனத்தின் சார்பில் திவாகர், சிவராவ் ஆகிய இருவருடன் வாஷிங்டனுக்குப் பிரயாணமானார். ஜனாதிபதி கென்னடியை நேரில் கண்டு, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி வாதாடினார். கையில் ஆயுதமில்லை, பதவியுமில்லை. தேசத்தின் கவர்னர் ஜெனரல் பதவியை அவர் விட்டே பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. வேட்டி கட்டிய ஒரு கிழவர், உலகத்தின் பெரிய வல்லரசிடம், பிறக்காத குழந்தைகளுக்காக வக்காலத்து வாங்கிப் பேசினார் என்றே சொல்ல வேண்டும். அடுத்த வருஷம், 1963-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி, வானிலும் நீரிலும் விண்வெளியிலும் சோதனை செய்வதில்லை என்று அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் மாஸ்கோவில் ஒப்பந்தம் செய்துகொண்டன. மூன்று நாளில் இந்தியாவும் கையெழுத்திட்டது. ராஜாஜி ஒருவரால் இது நடந்தது என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் தாய்மார்கள் குழந்தைகளின் உதிர்ந்த பாற்பற்களை லட்சக்கணக்கில் விஞ்ஞானிகளிடம் கொடுத்தார்கள். அவற்றில் ஸ்ட்ரான்ஷியம் ஏறியிருப்பது நிரூபணமாயிற்று. இப்படிப் பல குரல்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று நம்முடையது.

அந்த ஒப்பந்தத்துக்கு முன் வெடித்தவற்றின் சுவடு இன்னும் போகவில்லை. அக்காலத்தில் காற்றிலுள்ள கார்பன்-14 வட பூகோளத்தில் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அது மரங்களிலும் பயிர்களிலும் மனிதரிலும் புகுந்தது. கொசஸ்தலைக் கரையில் 1963-ஆம் வருஷம் வளர்ந்துகொண்டிருந்த புளியமரம் எதுவாயினும், அதன் வைரத்தில் பசிபிக்கிலும் ருஷ்யாவிலும் வெடித்த குண்டுகளின் எழுத்து இருக்கும். அளவு மிகச் சிறியது. அதனால் யாரும் புளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நெமிலி எங்கே, பிகினி எங்கே?

ஞாயிறன்று காவேரிப்பாக்கம் வழியாக ராணிப்பேட்டைக்குச் சென்றோம். தேசிங்கு ராஜனோடு உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் அமைத்த ஊர் என்று இதைச் சொல்வார்கள். அதற்கு அப்பால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையில் தோல் தொழில்தான் ஜீவனம். 'தோல் ஷாப்பு' இல்லாத பேட்டை அபூர்வம். முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. வெளிநாட்டு வியாபாரம் பெருகிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுப்பெரிய வழி கிடைத்தது. இதையும் நாம் மறந்து பேசக்கூடாது.

அந்த உப்புக்களைச் செய்வதற்காக ராணிப்பேட்டையில் 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ்' என்ற தொழிற்சாலை 1970-களில் ஏற்பட்டது; 1990-களின் மத்தியில் மூடப்பட்டது. மூடினவர்கள் போய்விட்டார்கள். ஆனால் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு, குன்றுபோல் குவிந்து, வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது. மழை பெய்தபோதெல்லாம் விஷம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கிற்று. ஆறு இணைதிறனுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்து. 2006-ஆம் வருஷம் நியூயார்க்கிலுள்ள பிளாக்ஸ்மித் நிலையத்தார் உலகத்தில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களின் ஜாபிதாவை வெளியிட்டார்கள். அதில் அணு உலை வெடித்த செர்னோபில் இருந்தது. கிர்கிஸ்தானில் யுரேனியக் கழிவு குவிந்த மைலு-சூ இருந்தது. நமது ராணிப்பேட்டையும் இருந்தது.

சாலையோரத் தேநீர்க் கடையில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். "அம்மா, இங்கே கிணற்றுத் தண்ணீர் எப்படி?" என்று கேட்டோம்.

"கிணத்துத் தண்ணியா, சார்? எங்க மாமியார் காலத்திலே குடிச்சாங்களாம். நாங்க கேன் தண்ணிதான். கிணறு இருக்குது, தண்ணியும் இருக்குது. வாயிலே வைக்கத்தான் பயம்" என்றார்.

பிகினியின் தென்னை நம் ஞாபகத்துக்கு வந்தது. கிணறு வற்றிப்போனால் துக்கம். நிறைந்திருந்தும் குடிக்க முடியாவிட்டால் அதைவிடத் துக்கம்.

ஆயினும் இரண்டு விஷத்துக்கும் ஒரு பேதம் உண்டு. குரோமியத்துக்கு ரசாயன மாற்று இருக்கிறது. பணமும் மனமும் இருந்தால் ஆறு இணைதிறனுள்ளதை மூன்று இணைதிறனுள்ளதாக மாற்றி, அதன் கொடுமையைப் பெரும்பாலும் தணித்துவிடலாம். கதிரியக்கத்துக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. தீயில் இட்டாலும், அமிலத்தில் இட்டாலும், மந்திரம் ஜபித்தாலும் சீசியம் தனக்குரிய 30 வருஷத்தில்தான் பாதியாகும். மேல்மண்ணைச் சுரண்டி வேறிடத்தில் புதைக்கலாம், அவ்வளவே. குரோமியக் குன்றைக் கரைப்பதற்கே நாம் இத்தனை வருஷம் தடுமாறினோமென்றால், கதிர்த் தூசி படிந்த ஒரு ஜில்லாவை எப்படிச் சுத்தம் செய்வோம்?

பாலாற்றின் துன்பத்திலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி ஜஸ்டிஸ் குல்தீப் சிங் முதலிய நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மாசு செய்தவனே அதற்குரிய செலவைக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. மீளாத கேடு வரக்கூடுமானால், விஞ்ஞானம் முழு நிச்சயம் சொல்லட்டும் என்று காத்திராமல் முன்னதாகவே தடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இந்திய தேசம் முழுவதும் இன்று மேற்கோளாகக் காட்டும் இந்த நியாயங்கள் நம் வடாற்காட்டுச் சீமையின் கிணறுகளிலிருந்து எழுந்தவை. மீளாத கேடு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அணு யுத்தத்தைவிட வேறு எதைச் சொல்வது?

நம் தேசமும் 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் நிலத்தடியே அணு வெடிப்புகள் நடத்தியது. அன்று மகிழ்ந்தவர்களில் நாமும் உண்டு, மறைப்பானேன்? ஒரு காலத்தில் அடிமைப்பட்டிருந்த நாடு யாருக்கும் பணியாமல் நிற்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் ஆயுதம் கையில் வந்தவுடன் அதன் பாரமும் தோளில் ஏறிவிடுகிறது. முதலில் நாம் இந்த ஆயுதத்தை உபயோகிப்பதில்லை என்று இந்தியா உலகறியச் சொல்லியிருக்கிறது. அந்த வாக்கு, குண்டைவிடப் பெரிய சொத்து என்பது நமது அபிப்பிராயம். ஒன்பது நாடுகளிடம் இன்று சுமார் 12,000 அணுகுண்டுகள் இருக்கின்றன. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர் தப்பியவர்களின் சங்கத்துக்கு 2024-ஆம் வருஷம் நோபல் சமாதானப் பரிசு கொடுத்தார்கள். அவர்களில் மிச்சமிருப்பவர்கள் எல்லோரும் கிழவர்கள். கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லாமற்போகும் காலம் நெருங்குகிறது.

திங்கட்கிழமை காலை வகுப்புக்குச் சென்றோம். கடைசி வரிசைப் பெண் மறக்கவில்லை. புத்தகத்தைத் திறக்கு முன்னே எழுந்து நின்றாள்.

"அம்மா, ஹிரோஷிமாவில் குண்டு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் ஆகாயத்திலேயே வெடித்தது. அதனால் தரையில் தங்கிய தூசி குறைவு. கறுப்பு மழை பெய்து அநேகருக்கு நோய் வந்தது உண்மை. ஆயினும் மறு வருஷமே அங்கே அரளி பூத்தது. இன்று அது பெரிய நகரம். பிகினியில் குண்டு தரையோடு வெடித்தது. அங்கே இன்றுவரை ஜனங்கள் குடியேறி வாழ முடியவில்லை. ஆகவே நெல் விளையும். ஆனால் விளைந்த நெல்லை உன் தாயார் உனக்குச் சமைத்துப் போடலாமா என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு தலைமுறையும் பதில் சொல்லலாம், பத்துத் தலைமுறையும் ஆகலாம்" என்றோம்.

அவள் சற்று யோசித்தாள். "அப்படின்னா, யாரும் முதல்லே போடமாட்டோம்னு எல்லா நாடும் சொல்லிட்டா போதும் இல்லே, சார்?"

"நாம் சொல்லியிருக்கிறோம். சீனாவும் சொல்லியிருக்கிறது."

"மத்தவங்க?"

"இன்னும் சொல்லவில்லை, அம்மா."

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நாற்று நடும் பெண்களின் குரல் கேட்டது. நாம் பாடப் புத்தகத்தைப் பிரித்தோம். ஆனால் அந்த 'மற்றவர்கள்' யார் யார், அவர்களிடம் போய் இந்தப் பெண்ணின் கேள்வியை இனிக் கேட்கப் போகிறவர் யார் என்ற யோசனை மணி அடிக்கும்வரையில் நம்மை விடவில்லை. 83 வயதில் ஒருவர் புறப்பட்டுப் போனார். அவருக்குப் பிறகு வீட்டுக்கு ஒருவராவது இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் போதும். இன்றிரவு சாப்பாட்டு வேளையிலேயே, நேயர்களே, உங்கள் குழந்தைகளிடம் பேசிப் பாருங்கள்.